அம்மாவின் கப்பலுக்கு முப்பத்தொரு படங்கள்

பஞ்சுவின் வீட்டில் பகல் இரண்டு மணிதான் நடுராத்திரி.

அப்பா ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்க்கிறார். ஊர் கண் விழிப்பதற்குள் ரொட்டி வெந்துவிட வேண்டும். அதனால் எல்லோரும் தூங்கும்போது அவர் வேலைக்குப் போவார், எல்லோரும் வேலை செய்யும்போது அவர் தூங்குவார். பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிடுவார்கள். வீடு முழுக்க ஒரு மங்கலான வெளிச்சம் அசையாமல் நிற்கும். குழாயைத் திறப்பதற்குக்கூட யோசிக்க வேண்டும். சண்டை போடலாம், தடையில்லை. ஆனால் குசுகுசுவென்றுதான் போட வேண்டும்.

பஞ்சுவுக்குப் பத்து வயது. பஞ்சு என்பது அக்கா வைத்த பட்டப்பெயர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் எங்கேயாவது மிதந்து போய்விடுவாள். சாப்பாட்டுத் தட்டில் கை இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும். பத்து நிமிடம் கழித்து, “இப்ப என்ன கேட்டே?” என்பாள். கேட்டவர் அதற்குள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருப்பார்.

அவளுடைய தம்பிக்கு ஐந்து வயது. அவன் பெயர் பட்டாணி. ஏன் என்று அவனைப் பார்த்தாலே தெரியும்.

அம்மா வீட்டில் இல்லை. கடலின் ஆழத்தை அளக்கும் கப்பலில் அவருக்கு வேலை. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, அடியில் எங்கே மலை இருக்கிறது, எங்கே பள்ளம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். இந்த முறை மூன்று மாதப் பயணம்.

அந்தத் தூரத்துக் கடலில் போன் கிடையாது. கப்பலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் ஆளுக்கு மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து ஒரு கடிதம் போகலாம், கப்பலிலிருந்து ஒரு கடிதம் வரலாம். அவ்வளவுதான்.

இன்று அம்மாவின் முறை. நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிந்துவிடும்.

சென்ற மாதம் அம்மா எழுதிய கடிதத்தைப் பஞ்சு கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். அதில் இப்படி இருந்தது:

“பஞ்சு, தினம் ஒரு படம் வரைஞ்சு வை. ஒரு நாள்கூட விடாதே. வீட்டுல நடக்கிற எந்த நாளும் எனக்குத் தப்பிப் போகக் கூடாது. அடுத்த முறைக்கு மொத்தமா அனுப்பு. ஆனா ஒண்ணு, ரெண்டு எம்.பி.க்கு மேல இருந்தா கடிதம் கதவுகிட்டயே திரும்பிப் போயிடும். இந்த கம்ப்யூட்டர்ல புதுசா எதையும் ஏத்தவும் முடியாது. அதைப் பாத்துக்கற எங்க ரேடியோக்காரர் ரொம்பக் கண்டிப்பு.”

பஞ்சு ஒரு நாள்கூட விடவில்லை. கம்ப்யூட்டரிலேயே வரைந்து, முப்பத்தொரு படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாள். இரண்டு மணிக்கு அந்த ஃபோல்டர் எவ்வளவு பெரியது என்று பார்த்தாள்.

நாற்பத்து நான்கு எம்.பி.!

பஞ்சு சுவரில் இருந்த கடிதத்தை நிமிர்ந்து பார்த்தாள். ரெண்டு எம்.பி.தான்.

“அக்கா!” என்றாள், சத்தமே வராமல்.

அக்கா பத்தாம் வகுப்பு. அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அவளே சொல்வாள். வந்து எட்டிப் பார்த்தாள். “இதுக்குப் போய் மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே? கம்ப்ரஸ் பண்ணினா போச்சு. அதாவது சுருக்கறது. பெரிய ஃபைலை மடிச்சு மடிச்சு சின்னதாக்குற சாஃப்ட்வேர் நிறைய இருக்கு. தள்ளு.”

பஞ்சு தள்ளி உட்கார்ந்தாள். நாற்பத்து நான்கு எம்.பி.யை எப்படி மடிப்பார்கள்? மடித்தால் படத்தில் மடிப்புக் கோடு விழாதா? படத்துக்குள் இருக்கும் ஆட்களுக்கு மூச்சு முட்டாதா? அவள் மெல்ல மிதக்க ஆரம்பித்தாள்.

அக்கா இணையத்தில் தேடினாள். முதலில் வந்த பக்கம் மின்னி மின்னி எரிந்தது. ‘உலகத்திலேயே நம்பர் ஒன்!’ என்றது. அக்கா பொத்தானை அழுத்தியதும், கூடவே ஒரு விளையாட்டையும், வானிலை சொல்லும் பொம்மையையும், இன்னும் மூன்று சாமான்களையும் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டது.

“ஒரு வேலைக்குத்தானே கூப்பிட்டோம்? இவரு ஏன் குடும்பத்தையே கூட்டிட்டு வர்றாரு?” என்றாள் பஞ்சு.

அக்கா பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ‘டண்டணக்க’ என்று ஒரு விளம்பரப் பாட்டு வெடித்தது. மூவரும் பாய்ந்தார்கள். அக்கா சுட்டியைப் பிடித்தாள், பஞ்சு ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள், பட்டாணி எதற்கோ தன் காதைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. “ரொட்டி கருகுது…” என்றார் அப்பா தூக்கத்திலேயே. பிறகு குறட்டை கேட்டது.

மூவரும் மூச்சு விட்டார்கள். நம்பர் ஒன்னை மூடிவிட்டார்கள்.

இரண்டாவது சாஃப்ட்வேர் அக்காவின் வகுப்பில் எல்லோரும் புகழ்வது. அது அமைதியாக வந்தது, கேள்வி எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நீண்டது. முடிந்ததும் அக்கா விரலால் திரையைத் தட்டினாள்.

“பாத்தியா? ஒண்ணு புள்ளி அஞ்சு! நாப்பத்து நாலு ஒண்ணரையா ஆயிடுச்சு. இதுக்கு மேல சின்னதாக்க யாராலயும் முடியாது. அனுப்பிடலாமா?”

பஞ்சு அதற்குள் கப்பலுக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு சின்ன அறை. வட்ட ஜன்னல். அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார். ஃபைல் வந்திருக்கிறது. அதைத் தட்டுகிறார். திறக்கவில்லை. மறுபடியும் தட்டுகிறார்.

“ஹலோ, பஞ்சு. பூமிக்கு வா” என்றாள் அக்கா.

“அக்கா, இத அம்மா எப்படித் திறப்பாங்க?”

“இதே சாஃப்ட்வேரை வச்சுத்தான். அங்க இல்லேன்னா ஏத்திக்க வேண்டியதுதான். ரெண்டு நிமிஷம்கூட…”

அக்கா பாதியில் நிறுத்தினாள். பஞ்சு சுவரில் இருந்த கடிதத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ‘புதுசா எதையும் ஏத்தவும் முடியாது.’

“ஐயையோ. நல்லவேளை” என்றாள் அக்கா. “அனுப்பியிருந்தா ஒரு மாசம் பூட்டின பெட்டியப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.”

“அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கறதால திறக்கணும். அப்படி எது இருக்கு?”

“சாதாரண ஜிப் இருக்கு. அது எல்லா கம்ப்யூட்டர்லயும் முதல்லேர்ந்தே இருக்கும். ரெண்டு தட்டு தட்டினா திறந்துக்கும். ஆனா அது பழசு, பஞ்சு. இவ்வளவு சின்னதா மடிக்காது.”

“பரவால்ல. அம்மாவால திறக்க முடியும்ல?”

ஜிப்பில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு புள்ளி மூன்று வந்தது. புள்ளி மூன்றுதான் அதிகம்! பஞ்சுவுக்கு அழுகை வந்தது. கடிகாரம் மூன்றரை காட்டியது.

“மறுபடியும் மடிங்க” என்றான் பட்டாணி. அவன் மேசை விளிம்பில் தாடையை வைத்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தான். “என் போர்வைய அப்பா நாலு தடவை மடிப்பாரு.”

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பஞ்சுவுக்குப் பட்டது. ஜிப்பை எடுத்து மறுபடியும் ஜிப் செய்தாள். இரண்டு புள்ளி மூன்று. அந்த ஜிப்பை ஜிப் செய்தாள். இரண்டு புள்ளி மூன்று. ஆறாவது முறையும் அதேதான். ஜிப்புக்குள் ஜிப்புக்குள் ஜிப்பாகப் போய், எதற்குள் எது இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அம்மா திறந்து திறந்து கை வலிச்சுப் போவாங்க!”

சிரித்து முடித்ததும் பஞ்சு முதல் ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்தாள். முப்பத்தொரு படங்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், மடிப்பதற்கு முன் எவ்வளவு, மடித்த பின் எவ்வளவு என்று எழுதியிருந்தது.

மடிப்பதற்கு முன் எல்லாம் ஒரே அளவுதான். மடித்த பிறகுதான் வேடிக்கை. காலியான வானத்தில் ஒரே ஒரு காகம் பறக்கும் படம் இருந்தது. பஞ்சுவுக்கு வேறு எதுவும் தோன்றாத சோம்பேறி நாளில் வரைந்தது. அது ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. கிட்டத்தட்ட எல்லாப் படங்களும் அப்படித்தான். இரண்டே இரண்டு மட்டும் பிடிவாதமாகப் பெரிதாக இருந்தன.

ஏன்?

பஞ்சுவின் கண்கள் பாதி மூடின. அக்கா எதுவோ சொன்னாள், அது காதில் விழவில்லை. பஞ்சு ஜிப்புக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, மடியில் ஒரு நோட்டு. படத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. வானத்தைப் பார்த்து, “நீலம், நீலம், நீலம், நீலம்” என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் கை வலித்தது. “அட, எல்லாம் நீலம்தானே?” என்று அடித்துவிட்டு, ‘இங்கிருந்து அங்கே வரைக்கும் நீலம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

பிறகு வேறொரு படம் வந்தது. “சிவப்பு, பச்சை, கருப்பு, மஞ்சள், மறுபடியும் பச்சை, ஊதா…” அவருக்கு வியர்த்தது. பக்கத்துக்கு மேல் பக்கம் எழுதினார். ஒரு வரியைக்கூடக் குறைக்க முடியவில்லை.

பஞ்சு கண்ணைத் திறந்தாள்.

“அக்கா! ஒரே நிறமா இருந்தா அது நல்லா மடியும். புள்ளி புள்ளியா வேற வேற நிறமா இருந்தா மடியாது!”

அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “இத நாங்க போன மாசம்தான் படிச்சோம். உனக்கு யாரு சொன்னா?”

“உள்ள இருக்கறவரு” என்றாள் பஞ்சு.

மடியாத இரண்டு படங்களையும் திறந்தார்கள்.

ஒன்று முதல் நாள் படம். அதைப் பட்டாணி வரைந்திருந்தான். அம்மாவின் கடிதம் வந்த அன்று, நான்தான் வரைவேன் என்று பஞ்சுவின் கையிலிருந்து சுட்டியைப் பிடுங்கிக்கொண்டான். இருக்கிற எல்லா நிறத்தையும் எடுத்து, ஸ்ப்ரே கருவியால் திரை முழுக்க விசிறியடித்திருந்தான். ஒரு இஞ்சுகூட மிச்சமில்லை.

“இதான் பெரிசு. இத எடுத்துட்டா போதும், வேலை முடிஞ்சுது” என்றாள் அக்கா. “இது வெறும் கிறுக்கல்தானே.”

“கிறுக்கல் இல்ல!” என்றான் பட்டாணி. “அது அம்மா போற கடல். புயல் அடிக்குது. உள்ள அம்மா இருக்காங்க.”

“எங்கடா இருக்காங்க?”

அவன் விரல் வைத்த இடத்தை மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்கள். நிறங்களுக்கு நடுவில், கொஞ்சம் வலது பக்கம், ஒரு குட்டிக் காபி நிறப் புள்ளி. அம்மாவின் கப்பல் சட்டை காபி நிறம்.

“டேய், அடுத்த மாசம் அனுப்பலாம்டா” என்றாள் அக்கா.

பட்டாணி அழ ஆரம்பித்தான். அப்பா தூங்குகிறார் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதான். தோள் மட்டும் குலுங்கியது. சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடப் பஞ்சுவுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இரண்டாவது படத்தைப் பஞ்சு திறந்தாள். இருபத்து மூன்றாம் நாள். மழை.

அவள் வாழ்க்கையிலேயே வரைந்த நல்ல படம் அதுதான். தெரு முழுக்க ஆட்கள் குடையோடு ஓடுகிறார்கள். ஒருவர் தலையில் செய்தித்தாள். ஒரு நாய் பெட்டிக்கடைக்கு அடியில் ஒண்டி நிற்கிறது. மேலே மழை. சாம்பல், வெள்ளி, நீலம், வெள்ளை என்று ஒவ்வொரு துளியையும் ஸ்ப்ரேயால் தனித்தனியாகத் தூவியிருந்தாள். அந்த மழைக்கு மட்டும் நான்கு நாட்கள் ஆயின. பார்த்துக்கொண்டே இருந்தால் முகத்தில் சாரல் படுவதாகத் தோன்றும்.

மணி நான்கு அடித்தது. கப்பலில் அம்மாவின் நேரம் தொடங்கிவிட்டது.

“அம்மா ஒரு நாளும் தப்பக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க” என்றாள் பஞ்சு மெதுவாக. “அவன் நாளும் போகணும், என் நாளும் போகணும்.”

“அப்ப எப்படிடி?”

பஞ்சு மழைப் படத்துக்கு ஒரு நகல் எடுத்தாள். நகலில் அழிப்பானைப் பெரிதாக்கி, வானத்தின் ஒரு மூலையில் வைத்து இழுத்தாள். நான்கு நாள் மழையில் ஒரு பட்டை, ஒரே இழுப்பில் காணாமல் போனது.

“ஏய்! என்ன பண்றே?” அக்கா கையைப் பிடித்தாள். “உன் மழை!”

“மழைய நிறுத்தறேன்” என்றாள் பஞ்சு. கை நிற்கவில்லை. மேலே, நடுவில், குடைகளுக்கு இடையில், நாயின் காதுக்குப் பக்கத்தில் என்று எல்லா இடத்திலும் மழையைத் துடைத்தாள். பிறகு நிறம் கொட்டும் வாளிப் பொத்தானை அழுத்தி, வானத்தில் ஒரே ஒரு வெளிர் நீலத்தைக் கொட்டினாள். ஜிப்புக்குள் இருப்பவர் காலை நீட்டிக்கொள்ளக்கூடிய நீலம்.

பட்டாணி அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு முப்பத்தைந்துக்குப் படங்களை மறுபடியும் ஜிப்பில் போட்டார்கள். கோடு நீண்டது. மூவரும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்று புள்ளி ஏழு.

அக்கா குதிக்கப் போனாள். அப்பாவின் நினைவு வரவே, பாதியில் நின்று கைகளை மட்டும் ஆட்டினாள். பஞ்சு கடிதத்தோடு ஜிப்பை இணைத்தாள். ‘அனுப்பு’ பொத்தானைப் பட்டாணியை அழுத்தச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

போய்விட்டது. திரும்பி வரவில்லை.

பிறகு காத்திருந்தார்கள். நான்கு நாற்பது. நான்கு நாற்பத்தைந்து. திரைச்சீலை மெல்ல உப்பி அடங்கியது. பஞ்சு இந்தத் தடவை எங்கும் மிதந்து போகவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு ஐம்பத்தாறுக்குப் பதில் வந்தது. அக்கா குசுகுசுவென்று படித்தாள்.

“முப்பத்தொண்ணும் வந்துடுச்சு! ரெண்டு தட்டு தட்டினேன், எல்லாம் தானா விரிஞ்சு வரிசையா நின்னுச்சு. ரேடியோக்காரர் எட்டிப் பாத்தார். அப்புறம் நாற்காலியே போட்டு உக்காந்துட்டார்.

“பட்டாணி, உன் புயல்ல என்னைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டேன். நடுவுல, கொஞ்சம் வலது பக்கம், காபி நிறம். சரியா? பயப்படாதே. நான் இங்க கெட்டியாத்தான் நிக்கறேன்.”

“கண்டுபிடிச்சுட்டாங்க!” என்றான் பட்டாணி. இந்த முறை அவன் வாயைப் பொத்த மறந்துபோனான்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். “என்ன கண்டுபிடிச்சாங்க? அம்மாகிட்டேர்ந்தா? எழுப்பக் கூடாதா என்னை?” என்றபடி பட்டாணியைத் தூக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

அக்கா இப்போது சத்தமாகவே மிச்சத்தைப் படித்தாள்.

“பஞ்சு, எல்லா நாளும் எனக்குக் கிடைச்சுது. ஒரே ஒரு சந்தேகம். இருபத்து மூணாம் நாள் வானம் பளிச்சுன்னு இருக்கு. ஆனா அத்தனை பேரும் குடை பிடிச்சுட்டு ஓடறாங்க. ஒருத்தர் தலையில பேப்பர் வேற. எதுக்குடி ஓடறாங்க? ரொம்ப நேரமா யோசிக்கிறோம். ரேடியோக்காரருக்கும் பிடிபடல.”

முதலில் அக்காதான் சிரித்தாள். பிறகு பஞ்சு. எதற்கு என்று தெரியாமலே பட்டாணியும் அப்பாவும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டில் அன்றைக்குக் கேட்ட முதல் சத்தமான சிரிப்பு அது.

மணி ஐந்தாகிவிட்டது. அம்மாவின் நேரம் முடிந்தது. இனி பதில் அனுப்ப ஒரு மாதம் ஆகும்.

பஞ்சு திரைச்சீலையை விலக்கினாள். பிறகு அந்த மழைப் படத்தை, மழையோடு இருந்த முதல் படத்தை, திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்தாள். ஒரு தாளை எடுத்து, அடுத்த மாதக் கடிதத்தின் முதல் வரியை அப்போதே எழுதினாள்.

“மழை ரொம்பப் பெரிசு அம்மா, கப்பலுக்குள்ள நுழையல. அத வீட்டுலயே வச்சிருக்கேன். நீ வந்து நனைஞ்சுக்கோ.”